வால் இல்லாத மூஞ்சூறு

மூன்றாம் நிலைச் சாரத்தில் நின்று
நந்திக்குக் காது ஒட்டிக்கொண்டிருந்தேன்.
கீழே கரும்புக்குள்
நாய்கள் எதையோ கண்டுபிடித்துவிட்டன.

"தாங்!" என்றான் கலவை குழைக்கும் ரெஜிஸ்.
தாங்கு என்றுதான் என் காதில் விழுந்தது.
சுதைச் சட்டியைப் பதறி
இரண்டு கையாலும் தாங்கினேன்.
அவன் சிரித்த சிரிப்பில்
சிமெண்டுத் தூசி எழும்பியது.

செந்தாந்த்ரேயில் இது பிப்ரவரி.
காவடி முடிந்து பதினெட்டு நாள்.
கவிச்சி தொடாமல் கிடந்தவர்கள்
கன்னத்தில் அலகின் வடு ஆறுமுன்னே
சாக்கும் மண்வெட்டியுமாக
ஓடைப் பள்ளத்தில் இறங்கிவிட்டார்கள்.
ஏப்ரல் பாதி வரைக்கும்தானாம்,
பிறகு சர்க்கார் தடை.

ழான்-ரெனே வைத்திலிங்கோன்
கோயிலுக்குப் பொருளாளர்.
அவர் அறிந்த தமிழ்
ஒரு அரோகரா, ஒரு "எவ்வளவு".
சாக்கை அவிழ்த்து முற்றத்தில் கொட்டினார்.
பன்றிக்குட்டியின் மூக்கு,
எலிக்கால்,
முள்ளம்பன்றிக்கு ஆரம்பித்துப்
பாதியில் விட்ட முதுகு.
வால் கிடையாது.
படைத்தவன் சாயங்காலம் கை கழுவுமுன்
மிச்சச் சுதையில் பிடித்துப்போட்ட மாதிரி.
முள்ளெலி என்று சொல்லிப் பார்த்தேன்.
ஒட்டவில்லை.
தாங் தாங்தான்.

அவர் மனைவி ழிஸ்லேன் பேசாமல் வேலையைத் தொடங்கினாள்.
தீயில் காட்டி முள்ளைப் பொசுக்கி,
கொதிநீரில் முக்கி,
கத்தியின் முதுகால் சுரண்டச் சுரண்ட
உள்ளே இருந்து வந்தது
பச்சைக் குழந்தையின் தோல்.
அந்த இடத்தில் நான் எழுந்து போயிருக்கலாம்.
போகவில்லை.
வெங்காயம், பூண்டு, மஞ்சள், கிராம்பு,
தக்காளியை நசுக்கிப் போட்டாள்.
ஓமத்துக்குத் தூரத்து உறவாக ஒரு தழை.
அப்புறம் ரம், கணக்குப் பார்க்காமல்.
மழையில் நனைந்த சாக்கின் வாடை
மெல்ல மெல்லக் குழம்பின் வாசனையானது.

கோழி என்று பொய் சொல்லவில்லை அவள்.
தட்டை நீட்டி
என் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவே.

திருப்பணி முடியுமட்டும் இறைச்சி கூடாது.
ஒப்பந்தத்தில் ஏழாவது பத்தி,
பிரெஞ்சில், என் கையெழுத்தோடு.
ஏழாவது பத்தியை எழுதியவரே
எதிரில் உட்கார்ந்து
எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.
ரெஜிஸிடம் கேட்கச் சொன்னேன்.
"இறைச்சி வேறு, தாங் வேறு"
என்றாராம் பொருளாளர்.
பத்தியைத் திருத்தவும் அவருக்கே அதிகாரம்.

முதல் கவளம் பயம்.
இரண்டாவதில் மண், வேர், புழு,
அது தின்ற காடெல்லாம் வந்தது.
குளிர்காலம் முழுக்கத் தூங்குமாம் அந்தப் பிராணி.
அத்தனை மாதத் தூக்கத்துக்குச் சேர்த்த கொழுப்பு
ஐந்து நிமிடத்தில்
என் நாக்கில் கரைந்துபோனது.
சோறு இன்னும் கொஞ்சம் என்று
கையால் காட்டினேன்.

இரவு மூன்று தடவை குளித்தேன்.
விரலிடுக்கில் கிராம்பு போகவில்லை.

மறுநாள் பிள்ளையாருக்கு மூஞ்சூறு.
நூற்றுக்கு மேல் செய்தாயிற்று,
கண்ணை மூடிக்கொண்டு செய்வேன்.
ஒருவேளை மூடித்தான் இருந்தேனோ.
திறந்தபோது மூக்கு நீண்டிருந்தது.
முதுகில் கரண்டி நுனியால் கீறிய கீறல்கள்.
வால் வைக்க மறந்திருந்தேன்.
சுதை காய்ந்துவிட்டது.
அத்தனை பெரிய வயிற்றை
அந்தச் சின்ன முதுகு
முணுமுணுக்காமல் தாங்கியது.

குருக்கள் பார்த்தார், தலையசைத்தார்.
கமிட்டி பார்த்தது, புகைப்படம் எடுத்தது.
மன்னார்குடியிலிருந்து வந்த வர்ணக்காரர் மட்டும்
"எலிக்கு வால் எங்கே, தம்பி?" என்றார்.
தேருக்கு அடியில் போனது, அண்ணே, என்றேன்.

கும்பாபிஷேகம் ஏப்ரல் இருபத்தாறு.
விரதம் பதினாறில் தொடங்குகிறது.
வேட்டை பதினைந்தோடு முடிகிறது.
பஞ்சாங்கம் சொன்ன நாள் என்கிறார்
ழான்-ரெனே வைத்திலிங்கோன்,
யாரும் கேட்காமலே.

இன்று ழிஸ்லேன் பூக்கூடையோடு வந்தவள்
அண்ணாந்து ஒவ்வொரு நிலையாகப் பார்த்தாள்.
மூன்றாவதில் நின்றாள்.
கரும்புப் பக்கம் மூக்கைத் திருப்பியபடி
அது காற்றை முகர்ந்துகொண்டிருந்தது.
முந்தானை இல்லாத ஊர்;
கூடையால் வாயை மறைத்துக்கொண்டாள்.