டக்

ரிச்சி தெருவில் எண்பது ரூபாய்.
செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்கள்
நீல முதுகுள்ள ரிலேயை.
முதுகில் பத்து ஆம்பியர் என்று இருந்தது.
அச்சடிக்க என்ன செலவு என்றான் ஜெரால்டு.

தரமணி, மூன்றாம் மாடி, மண் ஆய்வுக்கூடம்.
எண்ணூர்க் கழிமுகத்துச் சேறு
நாற்பத்தாறு தட்டுகளில்
விடிய விடியக் காய வேண்டும், நூற்றைந்து டிகிரியில்.
அடுப்பின் தெர்மோஸ்டாட் மார்ச்சிலேயே செத்துவிட்டது.
புதிதுக்குக் கொடுத்த விண்ணப்பம்
கணக்குப் பிரிவில்
யாருடைய டீ கிளாசுக்கோ அடியில் கிடக்கிறது.

ஆகவே இந்த நீலப் பெட்டி.

ஒரு கரையில் ஐந்து வோல்ட்.
எதிர்க்கரையில் இருநூற்று முப்பது.
நடுவில் பலகையை அகலமாய் வெட்டியிருக்கிறார்கள்,
ஊருக்கு நடுவே கூவம் மாதிரி.
பாலமில்லாத கூவம்.
ஒரு செம்பு இழைகூட அதன்மேல் எட்டிப் பார்க்கக் கூடாது.

மூன்று முனைகள்:
பொது, இயல்பில் திறந்தது, இயல்பில் மூடியது.
கதவென்றால் திறந்தால் போகலாம்.
இங்கே மூடினால்தான் போகும்.
இயல்பில் திறந்ததில் கட்டினேன்,
கணினி உறைந்தாலும் கரண்டு போய் வந்தாலும்
அடுப்பு அணைந்தே கிடக்கட்டும் என்று.
அறுத்தது ஃபேஸை.
நியூட்ரலை அறுத்தாலும் அடுப்பு குளிரும்,
குளிர்ந்தபடியே உயிரோடிருக்கும்,
தொடுகிறவருக்காக.

டையோடு இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.
காந்தத்தை விடும்போது சுருள் திருப்பி உதைக்கும்.
திடீரென்று கைவிட்டால் எதுதான் உதைக்காது?

உலர்ந்த கைகளுடன் வேலை செய்க,
என்கிறது சுவரில் ஒட்டிய விதிமுறைத் தாள்.
எழுதியவர் மே மாதச் சென்னையில்
ஸ்க்ரூ முறுக்கியதில்லை.
மூன்று முறை துடைத்துக்கொண்டேன், துப்பட்டாவில்.

பிறகு இரவு.
கடைசிப் பறக்கும் ரயில் போனபின்
அறையில் நானும் அந்தச் சத்தமும்.
மூடும்போது டக்.
விடும்போதும் டக்தான்; கொஞ்சம் மந்தமாக,
மனமில்லாமல் எழுந்து போகிறவன் நாற்காலி மாதிரி.
ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தை
அந்தத் தாளத்தில்தான் எழுதினேன்.

இரண்டு பத்துக்குத் திரையில் ‘அணை’ என்று வந்தது.
சிவப்பு விளக்கு போனது.
டக் வரவில்லை.

நூற்றாறு. நூற்றெட்டு.
திரை சொன்னது: அணைத்தாயிற்று.
விளக்கு சொன்னது: அணைத்தாயிற்று.
நூற்றுப் பதின்மூன்று.
சேற்றிலிருந்து பழைய கடல் வாடை எழுந்தது.

பெட்டியைத் தட்டிப் பார்க்கக் கை நீண்டது,
ரேடியோவைத் தட்டுவதுபோல்.
பாதியில் நிறுத்தினேன்.
சுவருக்குப் போய் எம்சிபியைக் கீழே தள்ளினேன்.
பிளக்கை உருவினேன்.
மீட்டரை வைத்தேன். பூஜ்யம்.
தெரிந்த இடம் ஒன்றில் வைத்து
மீட்டருக்கு உயிருண்டா என்று பார்த்துவிட்டு, மறுபடி வைத்தேன்.
பூஜ்யம்.
அதன்பிறகே தொட்டேன்.

ஃபியூஸ் போகவில்லை.
ஏன் போகும்?
சரியான அளவுதான் ஓடியது, தவறான நேரத்தில்.

காலையில் ஜெரால்டு ஹாக்ஸா பிளேடால்
நீல முதுகை அறுத்தான்.
உள்ளே இரண்டு வெள்ளிப் புள்ளிகள்
ஒன்றையொன்று உருக்கிப் பிடித்திருந்தன.
ஒன்பது ஆம்பியரை ஒரு மாதம் வெட்டி வெட்டி
பொறியில் பொறியாக ஒட்டிக்கொண்டவை.
நகத்தால் நெம்பினால் வந்துவிட்டன.
அவ்வளவுதான் பிடிப்பு.

புது விண்ணப்பம் எழுதினேன்:
இருபத்தைந்து ஆம்பியர் கான்டாக்டர் ஒன்று,
கணினி சொல் கேளாமல்
சூடேறினால் தானே அறுந்துபோகும் தெர்மல் ஃபியூஸ் இரண்டு.
காரணம் என்ற கட்டத்தில்
சத்தம் வரவில்லை என்று எழுதினேன்.

விளக்கம் தேவை என்று
கணக்குப் பிரிவிலிருந்து திரும்பி வந்திருக்கிறது,
மேல் மூலையில் வட்டமாய் ஒரு டீக் கறையோடு.