நாலடிக் கண்ணாடி

இரண்டு கிராப் ஓட்டுநர்கள்
படத்தைப் பார்த்ததும் ரத்து செய்துவிட்டார்கள்.
மூன்றாமவர் ஐம்பது வெள்ளி கேட்டார்.
கண்ணாடியே நாற்பத்தைந்துதான்.

அதனால்தான் ஐந்தே முக்கால் மணிக்கு
மஸ்ஜிட் ஜாமெக் நடைமேடையில்
நாலடிக் கண்ணாடியை
போதையேறிய தம்பியைப் போல
இடுப்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறேன்.
முதுகுப்பக்கம் நாளிதழ் சுற்றிக் கொடுத்தான் கடைக்காரன்.
முகத்துக்குத் தாள் போதவில்லை.

கீழே இரண்டு ஆறுகள்
ஒன்றையொன்று இடிக்காமல் கலக்கின்றன.
மேலே எங்களுக்கு அது வராது.

முதல் ரயில் அம்பாங். எனக்கில்லை.
இரண்டாவது புத்ரா ஹைட்ஸ். எனக்குத்தான்.
கதவு திறந்ததும் உள்ளிருந்தவர்கள்
வழிமறிக்கும் கூட்டத்தைக் கண்டு முறைத்தார்கள்.
அது அவர்களேதான்.
யாரும் நகரவில்லை.
மூன்றாவது மறுபடி அம்பாங்.
நான்காவதில் ஏறினேன் என்று சொன்னால் பொய்.
ஏற்றப்பட்டேன்.

"ஹாத்தி, ஹாத்தி" என்றார் ஒரு மலாய்க்காரர்.
பத்திரம் எனக்கா, கண்ணாடிக்கா, கேட்க முடியவில்லை.
என் வாய் யாரோ ஒருவரின் முதுகுப்பைமேல் இருந்தது.

இங்கிருந்து எனக்குத் தெரிவது
கண்ணாடியின் விளிம்பும்
அதைப் பார்க்கிறவர்களும்.

பிளாசா ராக்யாட்டில்
துடோங் ஊசியைப் பல்லில் கடித்தபடி ஒருத்தி
மடிப்பைச் சரிசெய்தாள்.
ஹாங் துவாவில் ஏறிய சீனக் கிழவர்
வாயைத் திறந்து
புதுப் பல்செட்டை இடமும் வலமுமாகப் பார்த்தார்,
ஒன்றுக்கு இரண்டு முறை.
கட்டட வேலையிலிருந்து வந்த வங்காளப் பையன்
புருவத்தில் சிமெண்ட் இருப்பதை அப்போதுதான் அறிந்தான்,
எச்சில் தொட்டுத் துடைத்தான்,
பிறகு வெட்கப்பட்டு
மேலே இருந்த ரயில் வரைபடத்தைப் படிக்கத் தொடங்கினான்.

சான் சோவ் லின் தாண்டி வண்டி நின்றது.
அறிவிப்பில் ஒரு குரல் மன்னிப்புக் கேட்டது,
எதற்கென்று சொல்லவில்லை.
மழை. ஒரு மின்னல்.
எல்லார் முகத்திலும் அது இரண்டு தடவை விழுந்தது.

கைப்பேசி அதிர்ந்தது. புனிதா.
"லோகா, நாக்காலி வந்துருச்சி.
உக்காந்து பாத்தேன்.
கண்ணாடி இல்லாம சலூன் மாதிரி இல்ல,
பல் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு."
"வரேன்" என்றேன்.
பதினைந்து நிமிடமாக
அதே தூணுக்கு நேரே நின்றுகொண்டு
வரேன் என்றேன்.

ஒன்பது வருடம் டோல் சாவடியில் உட்கார்ந்தவள் நான்.
ஜன்னலுக்கு வெளியே கைகள்.
மருதாணிக் கை, மோதிரக் கை,
சில்லறையை உள்ளங்கையிலேயே எண்ணும் கை.
முகம் வருவதற்குள் கார் போய்விடும்.
அப்புறம் அட்டை வந்தது,
தொட்டால் தடை உயர்ந்தது,
என் கை தேவைப்படவில்லை.

இன்றைக்கு முப்பது முகம்,
கைக்கெட்டும் தூரத்தில்,
தப்பிப் போக இடமில்லாமல்.
யாருக்குக் காதோரம் வெட்ட வேண்டும்,
யாருடைய மீசையை விட்டுவிட வேண்டும்,
மனசுக்குள் வெட்டிக்கொண்டே போனேன்
பண்டார் தாசெக் செலாத்தான் வரைக்கும்.
அங்கே பாதிப்பேர் இறங்கினார்கள்,
தலை வாராமலே.

பூச்சோங்கில் மழை விட்டிருந்தது.
பஸ் இருபது நிமிடம் என்றது செயலி.
இருபதாவது நிமிடத்திலும் இருபது என்றது.
கண்ணாடியை நிறுத்தக் கம்பத்தில் சாய்த்தேன்.
எல்டிபி சாலை முழுவதும் அதற்குள் வந்து நின்றது,
சிவப்பு விளக்குகள் எதிர்த்திசையில் நெரிந்தபடி.

என்னோடு காத்திருந்த மூன்று பேர்
பஸ் வருகிறதா என்று
கண்ணாடியிலேயே பார்த்தார்கள்.
கழுத்தைத் திருப்பினால் போதும்.
நானும் திருப்பவில்லை.

எண் இடம்வலம் மாறி
மஞ்சள் வெளிச்சத்தில் வந்தது.
எங்கள் பஸ்தானா என்று கூட்டிப் பார்ப்பதற்குள்
எங்களைக் கடந்து, நிற்காமல், போய்விட்டது.
மூன்று பேரும் என்னைத் திட்டவில்லை.
கண்ணாடியைத் திட்டினார்கள்.

தூக்கும்போதுதான் பார்த்தேன்,
கீழ் மூலையில் நகத்தளவு பெயர்ந்திருக்கிறது.
எந்த ஸ்டேஷனில் என்று தெரியவில்லை.
நாற்காலியில் உட்காருகிறவருக்கு
அது முழங்காலுக்குக் கீழே வரும்.