இருமுறை ஒலிக்கும்

பொதட்டூர்பேட்டையில் கரண்ட் இருக்கிறவரை
இங்கிலீஷ் கேட்காது.
எட்டுத் தறி, தகரக் கூரை,
வலப்பக்கம் மட்டும் பேசுகிற இயர்போன்.
அதற்குள் லண்டனில் ஒருத்தி ரயில் டிக்கெட் வாங்குகிறாள்.
மூன்று நாளாக வாங்கிக்கொண்டிருக்கிறாள்.
வண்டி எத்தனை மணிக்கென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது,
எனக்குத்தான் தெரியவில்லை.

நாலு பதினைந்தா
நாலு ஐம்பதா.

கரண்ட் போனால் கேட்கும்.
நாடா பாதி வழியில் நிற்க
தெருக்கோடிக் குழாய் சொட்டுவதுகூடக் கேட்கும்.
அப்போது பார்த்து போனில் ஆறு சதவீதம்.
டவர் நகரிப் பக்கம் சாய்ந்து
ஆந்திராவுக்கு வரவேற்று
தெலுங்கில் ஒரு மெசேஜ் அனுப்பும்.
உட்கார்ந்த இடத்தைவிட்டு நான் அசைந்திருக்க மாட்டேன்.

கேட்பதை விட்டுப் படிப்பேன்.
ஒரு கலங்கரை விளக்கம், அதில் தனியாக ஒருவன்,
கீழே ஐந்து கேள்வி.
பஞ்சுத்தூசி வந்து உட்கார்ந்த இடத்தில்
இருந்தது கமாவா புள்ளியா
ஊதிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.
எழுதியவரின் மனநிலை யாது?
நம்பிக்கை, ஏளனம், கவலை,
இவற்றுள் எதுவுமில்லை.
அவர் மனநிலை எனக்கெப்படித் தெரியும்?
மூன்றாம் தறியில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும்
அண்ணன் மனநிலையே
சனிக்கிழமை கூலி எண்ணிய பிறகுதான் தெரிகிறது.

அண்ணி ஏகாம்பரகுப்பத்துக்காரி.
என்னைவிட நாலு மாதம் சின்னவள்.
தெலுங்கில் திட்டி, தமிழில் ராசியாவாள்.
தறி ஓடும்போது கத்த மாட்டாள்,
எதிர்வரிசை முனிலட்சுமியைப் பார்த்து
உதட்டை மட்டும் அசைப்பாள்,
அங்கே ஒருத்தி குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள்.
ஷெட்டில் எல்லோருக்கும் அந்தப் பேச்சு வரும்.
எனக்குப் பாதி வரும்.

பதினைந்துக்கும் ஐம்பதுக்கும்
தமிழ் வாயில் ஒட்டுமில்லை உறவுமில்லை.
பதிஹேனு, யாபை:
தெலுங்கிலும் தனித்தனிக் குடித்தனம்.
இங்கிலீஷ்காரன்தான்
இரண்டையும் ஒரே அறையில் படுக்கவைத்து
வாசலை மட்டும் மாற்றியிருக்கிறான்.

ஞாயிறு ராத்திரி
நூல்கண்டு எடுக்க வந்தவள்
என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.
திரையில் ஒரு டை கட்டிய ஆள்.
பிஃப்டீன். பிஃப்டி.
எட்டுத் தறியும் ஓடுகின்றன,
அவள் காதில் ஒன்றும் விழுந்திருக்காது.
"மொதல்ல சொன்னப்ப பல்லு ரொம்ப நேரம் தெரியுது,
அடுத்ததுல சட்டுன்னு மூடிட்டான்" என்றாள்,
ஏழாம் தறியில் இழை அறுந்திருந்தது, ஓடினாள்.

அன்றிலிருந்து
சத்தத்தை அணைத்துவிட்டுக்
கேட்கப் பழகினேன்.

தேர்வு திருத்தணி கல்லூரியில், கம்ப்யூட்டர் அறையில்.
இரண்டு காதும் பேசுகிற ஹெட்போன்.
இத்தனை அமைதி எனக்குப் பழக்கமில்லை,
முதல்முறை ஒலித்தபோது
என் மூச்சைத்தான் கேட்டேன்.
ரயில் வரவில்லை. ஒரு பல் டாக்டர்,
அவர் வாங்கும் பணம்.
திரையில் முகமில்லை, வாயில்லை,
ஒலிபெருக்கி மாதிரி ஒரு சின்னப் படம்.
இரண்டாம் முறைக்குக் கண்ணை மூடி
அந்தக் குரலுக்கு ஒரு வாய் வைத்தேன்.
அது அண்ணியின் வாயாக வந்தது,
மேல்வரிசையில் ஒன்று லேசாகத் தூக்கிய பல்லோடு.
அந்தப் பல் நெடுநேரம் தெரிந்தது.

பதினைந்து என்று எழுதினேன்.

லோகேஸ்வரி ஐம்பது என்றாள்.
அடித்துச் சொன்னாள்.
பதினைந்துக்கு எந்த டாக்டர் பல் பிடுங்குவான் என்றாள்.
பள்ளிப்பட்டு பஸ்ஸில் பாதி வழிக்கு இதே சண்டை,
மீதி வழிக்கு அவள் தூங்கினாள்.

வீட்டில் கரண்ட் இருந்தது.
ஏழாம் தறியிலிருந்து அண்ணி
எப்படி எழுதினாய் என்று உதட்டால் கேட்டாள்.
நானும் உதட்டால் சொன்னேன்.
அதற்குள் இழை அறுந்து
குனிந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.
நிமிர்ந்து
மறுபடி, என்றாள்.
மறுபடி சொன்னேன்.