காத்திருப்புக் கட்டணம்

கோண்டாவில் ரெயில் கடவை வந்தால் போதும்,
பின்சீற்றில இருந்து குரல் வரும்:
"அப்பா, வயிறு நோகுது."
அதுக்கங்கால பள்ளிக்கூடம்
நாலு நிமிசம்.

முதற்கிழமை சோடா வாங்கிக் குடுத்தன்.
அடுத்த கிழமை ஓமத்தண்ணி.
மூண்டாம் கிழமை ஒரு ஹயரை விட்டிட்டு
ஆஸ்பத்திரி வீதி டொக்டரிட்டக் கொண்டு போனன்.
அமத்திப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார்,
"உள்ளுக்க ஒண்டுமில்லை" எண்டார்.
நானும் நம்பினன்,
உள்ளுக்க ஒண்டுமில்லையெண்டு.

நாலாம் கிழமை உறுக்கினன்.
வயித்து நோ நிண்டிட்டுது.
யதுர்சிகா நகம் கடிக்கத் தொடங்கினாள்.

வியாழக்கிழமை சுகிர்தமலர் ரீச்சர் கூப்பிட்டா.
தரம் ஒண்டின்ர கதிரையில இருந்தன்,
முழங்கால் நாடியில முட்ட.
கொப்பியைக் காட்டப்போறா எண்டு நினைச்சன்.
காட்டேல்லை.
"இன்ரவலுக்கு உங்கட பிள்ளை
சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கிறதில்லை.
கேற்றடியில போய் நிண்டு
ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிப்பாள்.
ஏன் எண்டு கேட்டன், சொல்லேல்லை.
நானும் பக்கத்தில நிண்டன்.
மூண்டு நாள் நிண்டாப்பிறகு சொன்னாள்:
'அம்மா பஸ்ஸில போறதெண்டா
இந்த ரோட்டாலதான் போகோணும், ரீச்சர்.'"

லீசிங்காரன் வந்திட்டுப் போன இரவு அது.
ஓட்டோவை இழுத்துக்கொண்டு போவன் எண்டவன்.
மனிசி சொன்னது,
"நான் எங்கையாவது துலைஞ்சு போறன்."
நான் சொன்னது ஒரு சொல்தான்.
"போ."
பிள்ளை நித்திரை எண்டு நினைச்சம்.
போர்வைக்குள்ள இருந்தது
ரெண்டு காது.

"கேற்றடிக்குப் போகாதை எண்டு நான் சொல்லேல்லை,"
ரீச்சர் சொன்னா.
"அங்க ரெண்டு கதிரை போட்டிருக்கிறன்.
ஒண்டு எனக்கு."

அடுத்த நாள் கடவை பூட்டியிருந்தது.
வழமையா நான் எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டு
கோணடிச்சுக்கொண்டு நிக்கிற ஆள்.
அண்டைக்கு நிப்பாட்டினன்.
திரும்பி இருந்து சொன்னன்:
"அண்டைக்கு இரவு அப்பா சொன்னது பிழை, குஞ்சு.
அம்மா ஒரு இடமும் போகமாட்டா."

ரெயில் போய் முடியுமட்டும் யோசிச்சாள்.
"அம்மா அப்பிடிச் சொன்னவாவோ,
நீங்களாச் சொல்லுறியளோ?"

கடவை திறந்தது.
பின்னால நிண்ட வான்காரன் பேசப் பேச
ஓட்டோவைத் திருப்பினன்.

மனிசி கிணத்தடியில உடுப்புத் தோய்ச்சுக்கொண்டு நிண்டா.
விசயத்தை முழுக்கச் சொல்லி முடிக்கேல்லை,
சவுக்கார நுரைக் கையோட
பிள்ளைக்கு முன்னால குந்தியிருந்திட்டா.
"கோவத்தில சொன்னனான்.
கோவம் வந்தாலும் போகமாட்டன்.
உன்னட்டச் சொல்லாமல்
கடைக்குக்கூடப் போகமாட்டன்."
அவள் கேட்டது:
"பிறகேன் அழுறியள்?"
அதுக்கு எங்கள் ரெண்டு பேரிட்டையும்
மறுமொழி இல்லை.

மனிசி தன்ர தலையில கிடந்த கிளிப்பைக் கழட்டி
சீருடைப் பொக்கற்றுக்குள்ள வைச்சா.
"பின்னேரம் எனக்குத் திருப்பித் தரோணும்."
இதை ஆரும் சொல்லிக் குடுக்கேல்லை அவாவுக்கு.

பள்ளிக்கூடத்துக்கு முக்கால் மணித்தியாலம் பிந்தி.
என்ர ஓட்டோவில மீற்றர் இருக்கு.
சனம் கடைக்குள்ள போட்டு வாறன் எண்டால்
காத்துக்கொண்டு நிக்கிறதுக்கும் காசு ஏறும்.
ஊரில எல்லாருக்கும் காத்து நிண்டிருக்கிறன்,
நிமிசம் எண்ணி.
இவளுக்கு ஒருநாளும்
நிண்டதில்லை.

எல்லாம் சரியாப் போச்செண்டு சொல்லேலாது.
திங்கட்கிழமை திரும்பவும் வயிறு நோகுது எண்டாள்.
"எவ்வளவு?"
"கொஞ்சம்."
ஓரங்கட்டினன். கொஞ்சம் இருந்தம்.
பின்னேரம் பெட்டியில
பாதிப் பிட்டு மிச்சம்.
பாதி இல்லை.

லீசிங்காரன் இந்தக் கிழமையும் வந்தவன்.
கேற்றடியில நிண்டு கதைச்சம், சத்தமாத்தான்.
உள்ள வர
கதவு நிலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாள்.
"சண்டையோ?"
"ஓம். காசுக்கு.
உன்னாலை இல்லை."
"அம்மாவாலையும் இல்லையோ?"
"அம்மாவாலையும் இல்லை."
தலையாட்டினாள்,
போய்க் கிளிப்பை எடுத்துக்கொண்டு வந்து
என்ர சட்டைப் பொக்கற்றில குத்திவிட்டாள்.