பதிமூன்றாம் வளைவு

பதிமூன்றாம் கொண்டை ஊசியில் வண்டி பொங்கிவிட்டது.
செங்கோடன் அண்ணன் மூடியைத் திறக்க
ஆவி, வசவு, பிறகு ஊற்றுத் தண்ணீர்:
ஒன்றரைக் குடம் ரேடியேட்டருக்கு,
மிச்சம் ரோட்டோர மண்ணுக்கு.

அந்த ஈரத்துக்குத்தான் வந்தார்கள்.
ஏழு பேர். எண்ணுவது என் பிழைப்பு.
விரித்தால் என் உள்ளங்கை அகலம், கரி நிறம்,
பின்சிறகில் மட்டும் வெளிர்நீலம்.
அந்த நீலத்தில்
யாரோ டிக்கெட் துளைத்ததுபோல் கறுப்புப் பொட்டுகள்.
வனத்துறைப் பலகையில் பெயர் நீல அழகி.
ஏழு அழகிகளும் ஆண்கள்.

உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள்.
இவர்கள் தலைகீழ்.
உப்புக்காகவே குடித்து
தண்ணீரைப் பின்பக்கமாகப் பீச்சிவிட்டு
மறுபடி குடிக்கிறார்கள்.
சேர்த்ததெல்லாம் பெண்ணுக்குச் சீர்.
அவள் அதை முட்டைக்குள் வைப்பாள்,
முட்டையை ஆரஞ்சு இலையில்.

ஆரஞ்சு என்றால் சடைச்சி.
ஆடியில் நாகலூரில் ஏறினாள்,
மூன்று கோணி நாற்றோடு.
லக்கேஜ் போடணும் என்றேன், தகராறு.
இலைமேல் காக்கா எச்சம், தட்டப் போனேன்.
எச்சம் தலையைத் தூக்கியது.
சிவப்பாய் இரண்டு கொம்பு நீட்டியது.
அழுகின நார்த்தங்காய் வாடை, மூன்று சீட்டு தூரம்.
"தொடாதீங்க. அதுவும் சேலந்தான்."
அதற்கு நான் டிக்கெட் போடவில்லை.
இரும்பாலைப் பக்கம் எந்த வீட்டுத் தொட்டியிலோ
இடுப்பில் நூல் கட்டிக் கூடாய்ச் சாய்ந்ததோ,
மருந்தடித்து விட்டார்களோ.

இன்று ஒன்று
மண்ணை விட்டுவிட்டு என் மணிக்கட்டுக்கு வந்தது.
வாட்ச் பட்டையோரம்
காலை முதல் டிரிப்பிலிருந்து ஊறிய வியர்வை.
சுருளை அவிழ்த்துத் தொட்டுத் தொட்டு எடுத்தது,
நாவிதரின் கத்திபோல் அவ்வளவு கவனமாக.
நான் மூச்சைக்கூடச் சில்லறையாக விட்டேன்.

"முகூர்த்தம் போயிரும் சார்" என்றது பின்சீட்டு.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை:
இதன் உள்ளளவு நாலைந்து வாரம் இருக்குமா?
அதில் எனக்கென்று ஒரு நிமிஷம்கூட
ஒதுக்க வேண்டியதில்லை. வேறு வேலை இருக்கிறது அதற்கு.

விசில் ஊதினேன். எழுந்து
சில்வர் ஓக்குகளுக்குள் போனது, மிளகுக் கொடிகளைத் தாண்டி.

பதினான்காம் வளைவில்தான் ஞாபகம் வந்தது,
மூன்றாம் சீட்டு அம்மாவுக்கு
ஏழு ரூபாய் பாக்கி.