வியாழனுக்கான ஒத்திகை

திங்கள் முழுக்கத் தரை கழுவினோம்.
எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்த சீமெந்து;
கரியைக் கழுவிய கதைதான்.
பெக்கிம் முழங்காலில் நின்று
மஞ்சள் நாடா ஒட்டினான்.
இதற்குள் இனி யாரும் கால் வைக்கக் கூடாது.
போன கிழமை வரை அவன்
பாணும் சீஸும் தின்ற மூலை அது.

செவ்வாய்க்கிழமை அது பெட்டியில் வந்தது.
செம்மஞ்சள் நிறம். ஆறு மூட்டு.
ஒன்றுகூட இன்னும் நோகத் தொடங்கவில்லை.

புர்க்டோர்ஃபில் பத்தொன்பது வருடம்
பம்பு உடல்களைத் தூக்கியிருக்கிறேன்.
ஒன்று பதினெட்டுக் கிலோ,
நாளொன்றுக்கு இருநூற்றுச் சொச்சம்.
பெருக்கிப் பார்த்ததில்லை.
பெருக்கினால் மறுநாள் வேலைக்கு வர மனம் வராது.
ஆகவே ஒன்றைச் சொல்லிவைக்கிறேன்:
இந்த ரோபோ வரட்டும் என்று கூட்டத்தில்
முதலில் கை உயர்த்தியவன் நான்தான்.
பாதிதான் உயர்ந்தது. தோள்.

பாரம் தூக்குவதை எவரும் வியக்க மாட்டார்கள்,
என்றார் முகாமையாளர் ஏஷ்லிமான்.
முட்டை தூக்கட்டும்.
தூக்கி நகரபிதாவின் உள்ளங்கையில் வைக்கட்டும்.

புதன் காலை ஐந்து தட்டு முட்டை.
ரோபோவைப் பழக்க வந்த யானீன்
கட்டுப்பாட்டுப் பலகையை நெஞ்சோடு அணைத்து நின்றாள்.
அதன் முதுகில் ஒரு பொத்தான்:
விட்டாலும் ரோபோ நின்றுவிடும்,
பயத்தில் இறுக்கினாலும் நின்றுவிடும்.
இரண்டுக்கும் நடுவில் பிடிக்க வேண்டுமாம்.
கல்யாணம் மாதிரி, என்றான்
இரண்டு தரம் விவாகரத்தான பெக்கிம்.

முதல் முட்டை நசுங்கியது.
இரண்டாவது நழுவியது.
ஒன்பதாவது, நகரபிதாவுக்குப் பதிலாக நின்ற
என் சட்டையில் வழிந்தது.
முப்பத்தோராவது
ஓர் அசைவும் இல்லாமல்
என் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது.
எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான்,
ஒற்றைக் கையால், தொடையில்.

பிறகுதான் ஏஷ்லிமான் தாளைப் புரட்டினார்.
இதற்கு முதல் நீங்கள் ஒன்றைத் தூக்க வேண்டும்,
விருந்தினருக்கு வித்தியாசம் தெரிய வேண்டுமே.
தாளில் என் பெயர் இல்லை.
'முன்பு' என்று இருந்தது.
அதற்குக் கீழே 'இனி'.

தூக்கினேன்.
சுலபமாகத் தெரிகிறதே, என்றார்.
கொஞ்சம் மெதுவாக.
முகத்திலும் கொஞ்சம் காட்டுங்கள்.
மறுபடி தூக்கினேன்,
முழங்காலை மடித்து, மூச்சை உள்ளே கட்டி.
முகத்துக்குத் தெரியாமல் தூக்குவதைத்தானே
இத்தனை வருடமும் பழகினேன்.
ஆறு தரம் ஆயிற்று.
பரவாயில்லை, நாளைக்கு வரும், என்றார்,
தொண்டை கட்டிய பாடகனைத் தேற்றுவது போல.

உடுப்பு மாற்றும் அறைக் கண்ணாடியில் முயன்றேன்.
பல்லைக் கடித்தேன், கோபம் வந்தது.
கண்ணைச் சுருக்கினேன், வெயில் வந்தது.

வீட்டில் பவளராணி சட்டையைச் சுரண்டிப் பார்த்தாள்.
என்னப்பா இது, மஞ்சட்கருவோ?
ரோபோ ஊட்டினது.
வேறென்ன செய்தனீங்கள்?
கஷ்டப்படுற மாதிரி நடிச்சுப் பார்த்தன்.
வந்ததோ?
வரேல்லை, என்றபடி
சப்பாத்து நாடாவை அவிழ்க்கக் குனிந்தேன்.

கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை.
பிறகு தானே குந்தியிருந்து
மற்றச் சப்பாத்தைக் கழற்றினாள்.
இந்த முகத்தை, என்றாள்,
அங்கை காட்டிப்போடாதையுங்கோ.