ஒரே நாக்குக்கு இரண்டு பில்

பன்னிரண்டு ஆண்டுக்கு முன்
அபர்டீன் வானொலி நிலையத்தின் இரண்டாம் மாடியில்
ரோனா பக்கனின் நாக்கிலிருந்து
ஒரு துறைமுகத்தையே அப்புறப்படுத்தினேன்.
மணிக்கு நாற்பத்தைந்து பவுண்டு.
தேநீர் அவர்கள் செலவு.

பீட்டர்ஹெட்டில் மீன் ஏலம் விடும் வீட்டுப் பெண்.
அவள் ஊரில் 'என்ன' என்பதற்கு 'ஃபிட்' என்பார்கள்,
பாதத்துக்கும் அதே சொல்.
'எங்கே' என்பதற்கு 'ஃபார்'.
எடின்பரோக்காரர்களே விழிப்பார்கள்.

பென்சிலை முன்பற்களில் கடிக்கச் சொன்னேன்.
உருளும் ரகரத்தைக்
கல் வைத்து நிறுத்தச் சொன்னேன்.
கப்பல், வானிலை, கச்சா எண்ணெய் விலை,
ஒவ்வொரு வாக்கியமும்
இஸ்திரி போட்ட சட்டையாய் வரும்வரை.
கெட்டிக்காரி, ஒன்பது வாரத்தில் முடித்தாள்.
நேயர் ஒருவர் எழுதியிருந்தார்:
'எந்த ஊர்ப் பெண் என்றே தெரியவில்லை, அருமை.'
அதை நகலெடுத்து
என் விளம்பரத் தாளில் சேர்த்துக்கொண்டேன்.

இப்போது புது நிர்வாகம்.
'மண்ணின் குரல்' என்கிறது சுற்றறிக்கை.
ஆறு மணிச் செய்தி வாசிப்பவர்
இந்தப் பகுதிக்காரராக ஒலிக்க வேண்டுமாம்.
ரோனாவின் ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது.
மறுபடி என்னையே அழைத்தார்கள்.
மணிக்கு எழுபது.

அதே அறை. கம்பளம் மட்டும் மாறியிருந்தது.
"எடுத்ததைத் திருப்பிக் கொடு, இஷ்பெல்" என்றாள்,
சிரித்துக்கொண்டுதான்.

தேடினோம்.
ரகரம் உருண்டது,
விளம்பரத்தில் விஸ்கி விற்கிறவனுடையதைப் போல.
'ஃபிட்' என்றாள்,
சுற்றுலாக் கையேட்டைப் படிப்பதுபோல் இருந்தது.
"எங்க ஆளுங்களை நானே கேலி பண்ற மாதிரி இருக்கு"
என்று மைக்கைத் தள்ளி வைத்தாள்.
பழைய பதிவுகளைக் கேட்கலாமே என்றேன்.
பயிற்சிக்கு முந்தையதையெல்லாம்
என் அறிவுரைப்படிதான் அழித்திருந்தாள்.

நான்காம் வாரம், வியாழன், மாலை ஆறு நான்கு.
ரேட்ரே முனைக்கு வெளியே
எஞ்சின் நின்ற இழுவலைப் படகு. ஐந்து பேர்.
தொலைபேசியில் படகுத் தலைவர்,
பாதி அவர், பாதி காற்று.
ரோனா முதலில் என்ன கேட்டாள் என்று
என் குறிப்பேட்டில் இல்லை.
பென்சில் என் கையில்தான் இருந்தது.
அவர் 'ஃபிட்' என, இவள் 'ஃபார்' என,
ஒரே கயிற்றின் இரு முனையைப் பிடித்தவர்களாய்
இழுத்தும் தளர்த்தியும் பேசினார்கள்.
கண்ணாடிக்கு இப்பால்
ஒலிப்பொறியாளன் யாட்ஸெக் சொன்னான்:
"ஒரு வார்த்தையும் புரியல.
அஞ்சு பேரும் உயிரோட இருக்காங்கன்னு மட்டும் புரிஞ்சுது."
அழைப்பு முடிந்த மறுநொடி
'வானிலை' என்றாள் ரோனா,
மடிப்புக் கலையாமல்.

நிர்வாகி படியேறி ஓடிவந்தார்.
அதுதான், அதேதான், தினமும் அதைச் செய்!
ரோனா ஹெட்போனைக் கழற்றினாள்.
ஒயரைக் கையில் சுற்றினாள், அவசரமே இல்லாமல்.
"அது அவரோட பேசினது.
வாசிக்கறதுக்கு இல்ல."

மறுவாரம் வேறொரு தாளோடு வந்தாள்,
செய்தி ஆசிரியர் பதவிக்கு விண்ணப்பம்.
மீதி இருந்த இரண்டு மணி நேரம் அதற்கே போனது.
'உங்கள் பலம்' என்ற கட்டத்தில்
யாரிடம் எந்தக் குரலில் பேசுவதென்று தெரியும்
என்று எழுதினோம்,
திமிராகத் தெரியுமோ என்று அடித்தோம்,
திரும்ப அதையே எழுதினோம்.
கிடைக்குமா, தெரியாது. நேர்காணல் திங்களன்று.

நான் பில் அனுப்பினேன்.
'வழங்கிய சேவை' என்ற இடத்தில்
கர்சர் வெகுநேரம் துடித்தது.
'உச்சரிப்பு' என்று போட்டேன், முன்பு போட்டதையே.

கணக்குப் பிரிவிலிருந்து அழைத்த பையன்
வங்கி எண்ணைச் சரிபார்த்துவிட்டுக் கேட்டான்:
"மேடம் எந்த ஊர்?
குரலை வெச்சு சொல்லவே முடியலயே."
"நன்றி" என்றேன்,
பழக்க தோஷத்தில்.